பாட்டை ஓட்டிவிட்டுப் பார்த்த படம்

ரூத்துக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உன் தொலைபேசி அழைப்பு வந்தது. கல்யாண வரவேற்பில் பாட்டுப் போடுகிற பையன்கள் பழைய ஹாலிவுட் இசைப்படங்களிலிருந்து பாட்டுகள் கேட்கிறார்கள், சொல்லுங்கள் அப்பா, எழுதிக்கொள்கிறேன் என்றாய். நான் சொன்னேன். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எது வர வேண்டும், எதைச் சாப்பாட்டு நேரத்தில் போடக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். எழுதி முடித்ததும் நீ கேட்டாய்: "இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க, அப்புறம் ஏம்பா பத்திரிகைல அந்த சினிமாப் பக்கத்தை எழுதறதை விட்டீங்க? யாரோ முறைச்சாங்கன்னு விட்டுட்டதா அம்மா ஒரு தடவ சொன்னாங்க. அவ்வளவு சுலபமா விடற ஆளா நீங்க?" பின்னால் மாப்பிள்ளை சிரித்தது எனக்குக் கேட்டது. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் நானும் அம்மாவும் சிங்கப்பூர் வரும்போது நேரிலேயே சொல்லலாம். ஆனால் நேரில் சொன்னால் நான் அதை வேடிக்கையாக்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நம் சபையிலிருந்து உன் பக்கம் வருகிற ஒருவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். படித்த பிறகு மாப்பிள்ளையிடமும் கொடு. உனக்குத் தெரிந்த சில சங்கதிகளை நான் விளக்கியிருந்தால் அது அவருக்காக என்று வைத்துக்கொள்.

நான் இங்கே ரங்கூனில் நிருபர். கப்பல் வரவு, அரிசி விலை, தீ விபத்து, கால்பந்து, கோயில் திருவிழா என்று எதை எழுதச் சொன்னாலும் எழுதினேன். யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது, அவ்வளவுதான். தொண்ணூறுகளில் அந்த வாரப் பத்திரிகையில் சேர்ந்த பிறகு எழுதக் கூடிய விஷயங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு இதழும் அச்சுக்குப் போகும் முன் தணிக்கை அலுவலகத்துக்குப் போய் வர வேண்டும். அங்கே அடித்ததை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். அப்படி எடுத்த இடங்களை நிரப்பத்தான் முதலில் பழைய படங்களைப் பற்றி எழுதினேன். பிறகு அதற்கென்றே ஒரு பக்கம் வந்தது. என் பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். மார்க்கெட்டில் துணி விற்கிற ஒரு பர்மியப் பெண் என்னை நிறுத்தி, "ஸயா, அந்தப் படத்துல அவ கடைசில அவனையே கட்டிக்கிட்டாளா, சொல்லாம விட்டுட்டீங்களே" என்று கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு: ஸயா என்று இங்கே வாத்தியாரையும் சொல்வார்கள், வைத்தியரையும் சொல்வார்கள், எழுதிப் பிழைக்கிறவனையும் சொல்வார்கள்.

அந்தப் படங்கள் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு வந்தவை. என் அப்பா கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. மிஷன் பள்ளியில் எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர்கள் பாடத்தை விடச் சினிமாக் கொட்டகை அதிகம் சொல்லிக்கொடுக்கும் என்று தெரிந்தவர்கள். சனிக்கிழமை மதியம் போனால் கண்டுகொள்ள மாட்டார்கள். கொட்டகைகள் அரசாங்கத்தின் கைக்குப் போன பிறகு அந்தப் படங்கள் வருவது நின்றது. எண்பதுகளில் வீடியோ கேசட்டுகளாக, பாங்காக்கிலிருந்து கப்பல்காரர்களின் பெட்டிகளில், அவை திரும்பி வந்தன. இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது அவை கொஞ்சமும் வயதாகாமல் இருந்ததைக் கண்டு ஆச்சரியப்பட்டேன். ஏன் அப்படி என்று யோசிப்பது என் பழக்கமாகிப் போனது.

யோசித்ததில் சிலவற்றைச் சொல்கிறேன். முதலாவது, அந்தப் படங்களில் முடிவு என்னவென்று முதல் ரீலிலேயே தெரிந்துவிடும். அவன் அவளைக் கட்டிக்கொள்வான், நாடகம் மேடையேறும், மூடிய கடை திறக்கும். நாளைக்கு என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத ஊரில் வாழ்கிறவனுக்கு, நல்லதுதான் நடக்கும் என்று உறுதியாகத் தெரிந்து உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய ஓய்வு என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஆடுகிறவர்களைத் தலை முதல் கால் வரை காட்டுவார்கள், வெட்டாமல் நீளமாகக் காட்டுவார்கள். அவன் உண்மையிலேயே அந்த நாற்காலி மேல் ஏறி, உண்மையிலேயே அந்தப் பக்கம் இறங்குகிறான். கதை பொய், கால் நிஜம். நிருபனான எனக்கு அது பிடித்தது. மூன்றாவது, தெருவில் போகிற முன்பின் தெரியாத ஆட்கள் எல்லாரும் திடீரென்று ஒரே மாதிரி அடி வைத்துச் சேர்ந்து ஆடுவார்கள். எல்லாருக்கும் அது முன்னாலேயே தெரிந்திருக்கும். பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. ஆனால் அப்படி ஒரு தெருவில் ஒரு தரமாவது நடந்துவிட வேண்டும் என்று ஆசைப்படாதவர்களையும் நான் பார்த்ததில்லை.

உனக்கு எட்டு வயதில் நடந்தது கொஞ்சமாவது நினைவிருக்கும். எண்பத்தெட்டு, செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வந்த வாரங்கள். ஊரடங்கு. ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது. தின்கன்ஜூன் பேட்டையில் நம் வரிசை வீடுகளில் எல்லாரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் வீடியோ இருந்தது. பட்டப்பகலில் பின்வாசல் வழியாக ஒவ்வொருவராக அங்கே போவோம். சத்தம் வெளியே கேட்டால் கூட்டம் என்று தெரிந்துவிடும். அதனால் டெலிவிஷனின் சத்தத்தை முழுசாக அடைத்துவிட்டுப் படம் பார்ப்போம். இசைப்படத்தை, ஊமையாக. ஆடுகிறவர்களின் வாய் மட்டும் அசையும். பள்ளியில் அந்தப் பாட்டுகளையெல்லாம் படித்திருந்த உன் அம்மா தரையில் உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே வரிகளைச் சொல்லிக்கொண்டு வருவாள். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும். ஒரு நாள் தெருவில் லாரி வந்து நின்றது. பூட்ஸ் சத்தம். யாரும் அசையவில்லை. திரையில் மட்டும் அவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். வாத்தியார் மனைவி எழுந்து நிறுத்தப் போனாள். வாத்தியார் அவள் கையைப் பிடித்து, "விடு, பட்டனை அமுக்கினா அந்தச் சத்தம் தனியாக் கேக்கும்" என்றார். லாரி போன பிறகு உன் அம்மா விட்ட வரியிலிருந்து தொடங்கவில்லை. அவர்கள் எந்த வரிக்கு வந்திருந்தார்களோ அதிலிருந்து தொடங்கினாள். அன்றைக்குத்தான் நான் அவளை இரண்டாம் தரம் கல்யாணம் செய்துகொண்டேன் என்று சொன்னால் நீ கேலி செய்வாய்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ சிங்கப்பூர் போன வருஷம், இரண்டாயிரத்து ஒன்று. கல்லூரிகள் மூடிக் கிடந்த வருஷங்களில் உன் வயதுப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தே முதிர்ந்து போனதை நீயே பார்த்தாய். அங்கே செவிலியர் பயிற்சிக்கு உனக்கு இடம் கிடைத்ததும் உன் அம்மா மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை, கண்பட்டுவிடும் என்று. இடத்தை அக்டோபர் வரைக்கும்தான் வைத்திருப்பார்கள். பாஸ்போர்ட் வர வேண்டும். வார்டு ஆபீஸ் கடிதம், ஸ்டேஷன் கடிதம், நம் முகத்துக்கென்று தனியாகக் கேட்கிற பழைய காகிதங்கள், தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்பது வரைக்கும் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு காத்திருப்பதுதான். குடும்பத்தில் யார் பெயரிலாவது ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் அந்தக் காத்திருப்பு முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்த மாதங்களில் நான் எறும்பைக்கூடச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

அப்படி நடந்தவன்தான் என் பக்கத்தையே நிறுத்திவிட்ட அந்தக் கட்டுரையை எழுதினேன். படத்தின் பெயர் வேண்டாம். ஒரு துறைமுக ஊர். அந்த ஊர் மேயர் சதுக்கத்தில் யாரும் பாடக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார். கப்பலிலிருந்து இறங்குகிற ஒரு சமையல்காரன், சலவைக்கடை நடத்துகிற ஒரு பெண். இருவருக்கும் சண்டை, பிறகு காதல். கடைசியில் என்ன நடக்கிறது என்பதை நான் ஒரு வரியில் எழுதியிருந்தேன்: ஊர் முழுவதும் வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்து ஒரே குரலில் பாடுகிறது, மேயர் கீழே இறங்குகிறார். இந்த வரி எந்த இதழுக்கு என்று நான் யோசிக்கவில்லை. அது ஆகஸ்ட் இரண்டாம் வாரத்து இதழ்.

ரங்கூனில் பிறந்து வளர்ந்த ஒருவன், எண்பத்தெட்டு ஆகஸ்டில் அதே வாரம் ஊரே ஆட்சியை எதிர்த்துத் தெருவுக்கு வந்ததைக் கண்ணால் பார்த்தவன், ஆகஸ்ட் மாதத்தை மறந்து இதை எழுதுவானா? எழுதினேன். யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் ஆசிரியரே நம்பவில்லை. ஸயாஜி என்று நாங்கள் கூப்பிடுகிற கிழவர், எதற்கும் குரலை உயர்த்தாதவர். தணிக்கையிலிருந்து கட்டுரை திரும்பி வந்ததையும், என்னை அங்கே நேரில் வரச் சொன்னதையும் அவர்தான் சொன்னார். "ஊரைத் தெருவுக்குக் கொண்டு வரதுன்னா டிசம்பர்ல கொண்டு வரக் கூடாதா? நீங்கதான் கிறிஸ்டியன் ஆச்சே, கிறிஸ்துமஸ் பாட்டுன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "படத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. அர்த்தமே இல்லாத கூத்து, பொழுதுபோக்குன்னு சொல்லிடுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க. உங்க பொண்ணு விஷயம் முடியட்டும்" என்றார்.

அன்று காலை நீ வீட்டில் விடுதிக்குக் கொண்டு போகிற துணிகளில் உன் பெயரைத் தைத்துக்கொண்டிருந்தாய். நான் கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் என் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

அந்த அறையில் ஒரு மேஜை, வீடியோவோடு ஒரு டெலிவிஷன், வாசலில் ஒரு சிப்பாய், மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த நடுவயதுப் பெண்மணி. மேஜைக்குப் பின்னால் மேஜர். என்னை விடப் பத்து வயதாவது இளையவர். மேஜரைப் போமூ என்று கூப்பிட வேண்டும். அவர் கோப்பைத் திறந்து, படிக்காமல், படித்து முடித்தவர் போலப் பேசினார். பேசியதெல்லாம் பர்மியத்தில், நான் தமிழில் எழுதுகிறேன்.

"தின்கன்ஜூன். ஒரே மகள். சிங்கப்பூர் போகணும், இல்லையா?"

"ஆமா, போமூ."

"நல்ல விஷயம். படத்தைப் போடுங்க."

போட்டேன். எழுத்துகள் ஓடின. முதல் பாட்டு தொடங்கியதும் அவர் கையை ஆட்டினார். "பாட்டெல்லாம் ஓட்டுங்க. கதை மட்டும் காட்டுங்க. எனக்கு நேரமில்ல."

ஓட்டினேன். ரூத், ஓர் இசைப்படத்தை நீ என்றைக்காவது பாட்டை ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறாயா? நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மேயர் உத்தரவு போடுகிறார். ஓட்டு. சமையல்காரன் உத்தரவைப் படித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறான். ஓட்டு. சலவைக்காரி பக்கத்து வீட்டுக்காரியின் காதில் எதையோ சொல்கிறாள், அவள் இன்னொருத்திக்குச் சொல்கிறாள். ஓட்டு. வேகமாக ஓடும்போது ஆடுகிறவர்கள் ஆடுகிறவர்களாகத் தெரியவில்லை. கையை ஓங்கிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, பெஞ்சு மேல் ஏறிக் குதித்துக்கொண்டு, கலகம் செய்கிறவர்கள் மாதிரி இருந்தார்கள். கடைசியில் கதவுகள் திறந்து கூட்டம் சதுக்கத்துக்கு ஓடுகிறது. மேயர் மாடியிலிருந்து இறங்குகிறார். படம் முடிந்தது. நான் எழுதியது அச்சுப் பிசகாமல் திரையில் இருந்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அந்தக் கட்டுரையை எழுதினவனை விட மாட்டேன்.

"சொல்லுங்க, ஸயா" என்றார்.

ஸயாஜி சொல்லிக்கொடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அர்த்தமில்லாத கூத்து, போமூ. சொல்லவும் சொன்னேன். "அர்த்தமில்லாத கூத்துன்னா ஒரு முழுப் பக்கம் எதுக்கு எழுதறீங்க? பத்து வருஷமா எழுதறீங்க போல" என்றார். அப்போதுதான் புரிந்தது, அர்த்தமில்லை என்று நான் சொல்லச் சொல்ல அவருக்கு அர்த்தம் கூடிக்கொண்டே போகும் என்று. என் நினைப்பில் நீ ஒருத்திதான் இருந்தாய். இப்போது தப்பாக ஒரு வார்த்தை வந்தால் அக்டோபர் வரும், போகும், நீ துணிகளிலிருந்து உன் பெயரைப் பிரித்துக்கொண்டிருப்பாய்.

"போமூ, பாட்டோட ஒரு தடவ பாருங்க" என்றேன். "பாட்டை எடுத்துட்டா இந்தப் படம் நீங்க நெனைக்கிறதுதான். பாட்டோட பார்த்தா இது வேற."

வாசலில் இருந்த சிப்பாய் என்னைத் திரும்பிப் பார்த்தான். மேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "ஒரு பாட்டு" என்றார்.

சலவைக்கடைப் பாட்டைப் போட்டேன். சமையல்காரனின் சட்டையை அவள் கருக்கிவிடுகிறாள். அவன் கத்துகிறான். அவள் பதிலுக்குக் கத்துகிறாள். கத்தல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாளத்துக்குள் வந்து, அவன் வரியை அவள் முடித்து, அவள் வரியை அவன் முடித்து, ஈரத் துணிகளுக்கு நடுவில் இருவரும் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். மூலையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் மேஜர், திரும்பாமலே.

"காகிதம் தீர்ந்து போச்சு, போமூ" என்றார் அந்தப் பெண்மணி. பாதி அடித்த காகிதம் இயந்திரத்திலேயே இருந்தது.

மேஜர் திரையைக் காட்டிக் கேட்டார்: "இவன் எதுக்குப் பாடறான்? சட்டை போச்சுன்னு பேசினா போதாதா?"

"பேசினா சண்டை முத்திடும், போமூ."

கடைசிப் பாட்டை அவரே போடச் சொன்னார். இந்தத் தடவை ஓட்டவில்லை. கூட்டம் சதுக்கத்துக்கு ஓடி வரவில்லை, ஆடி வந்தது. ரொட்டிக்காரன், போலீஸ்காரன், பாதிரியார், யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. மேயர் மாடியிலிருந்து திட்ட வாயைத் திறக்கிறார். சலவைக்காரி கீழே நின்று கையை நீட்டுகிறாள். அவர் இறங்கி வந்து, தெரியாத கால்களோடு, எல்லாரையும் மிதித்துக்கொண்டு ஆடுகிறார்.

"மேயருக்குப் பதவி போச்சா?"

"இல்ல, போமூ. மறுநாளும் அவர்தான் மேயர்."

"படத்துல அப்படிச் சொல்றாங்களா?"

"சொல்லல."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த மாதிரிப் படத்துல யாரையும் வெளியே நிறுத்த மாட்டாங்க. கெட்டவனுக்கும் கடைசிப் பாட்டுல ஓர் இடம் இருக்கும். ஜனங்க இதை இத்தனை வருஷமாப் பாக்கறதே அதுக்காகத்தான்."

வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் எனக்கே கேட்டது. மேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "கெட்டவனா? மேயரா?"

முப்பது வருஷம் வார்த்தைகளோடு பிழைத்தவன் அந்த ஒரு வார்த்தையை மென்று விழுங்க முடியாமல் நின்றேன். நான் சொன்னேன்: "கெட்டவர் இல்ல, போமூ. பொண்டாட்டி செத்துப் போனவர். அவங்க பாடறவங்க. அதுக்கப்புறம் பாட்டுச் சத்தம் கேட்டா அவருக்குத் தாங்கல. அதனால நிறுத்தச் சொல்லிட்டார்."

"இது உங்க கட்டுரைல இல்லையே."

"இல்ல."

"ஏன் இல்ல?"

"அது கதைல வராது. ஒரு பாட்டுல மட்டும்தான் வருது."

"போடுங்க" என்றார்.

அந்தப் பாட்டில் ஆட்டம் இல்லை. மேயர் தனியாக ஒரு பெரிய சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்து, இரண்டு தட்டுகளை வைத்து, ஒன்றைத் திரும்ப எடுத்துவிட்டுப் பாடுகிறார். சின்னப் பாட்டு. படம் பார்க்கிறவர்கள் எழுந்து வெளியே போய் வருகிற பாட்டு. மேஜர் முழுசாகப் பார்த்தார். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. முகத்தில் எதுவும் தெரியவில்லை. முடிந்ததும் கோப்பை மூடினார்.

"ஸயா, நீங்க எழுதினதை மட்டும் படிச்சா வேணும்னே எழுதின மாதிரிதான் இருக்கு. படத்துல தப்பில்ல. உங்க எழுத்துலதான் தப்பு. என்ன நடந்ததுன்னு எழுதிட்டு, பாட்டை விட்டுட்டீங்க."

என் வாழ்நாளில் என் எழுத்தைப் பற்றி யாரும் அதை விடச் சரியாகச் சொன்னதில்லை. அதை யார் சொன்னார், எந்த அறையில் சொன்னார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரிவதில்லை. அதே மூச்சில் அவர் ஒரு தாளைத் தள்ளினார். இனி எந்தப் பத்திரிகையிலும் படங்களைப் பற்றி எழுத மாட்டேன் என்று இருந்தது. "மகள் எப்போ கிளம்பணும்?" என்றார். அக்டோபருக்குள் என்றேன். "பாஸ்போர்ட் வரும்னு நெனைக்கிறீங்களா?" தெரியாது என்றேன். அவர் பேனாவை என் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்துப் போட்டேன். கேசட்டை எடுக்கப் போனேன். "அது இங்க இருக்கட்டும்" என்றார்.

உன் கேள்விக்கு இதுதான் பதில். விட்டது சுலபமா என்று கேட்டால், கையெழுத்துப் போடுவது மிகவும் சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வாரமும், அந்தப் பக்கத்தில் சமையல் குறிப்பைப் பார்க்கும்போதுதான் சுலபமாக இல்லை. மழை விடும் முன்னால் உன் பாஸ்போர்ட் வந்தது. மேஜர் எதையாவது செய்தாரா, செய்யாமல் விட்டாரா, அல்லது அது தன் பாட்டுக்கு வரிசையில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுத வேண்டும். உன்னிடம் அப்போது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ போக மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பாய், உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். அல்லது போயிருப்பாய், பயிற்சியில் ஒவ்வொரு முறை களைத்துப் போகும்போதும் அப்பாவின் பக்கத்தை நினைத்துக்கொண்டு குனிந்திருப்பாய். இரண்டும் எனக்கு வேண்டாமாக இருந்தது. இப்போது நீ உன் காலில் நிற்கிறாய். கேட்டாய், சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்கு அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். என்னிடம் அதிகமில்லை. வீட்டுக்கு வருகிற மனிதர் என்ன நடந்தது என்று சொல்வார்: மேலதிகாரி இப்படிச் சொன்னார், பஸ் வரவில்லை, பல் வலிக்கிறது. நீயும் சொல்வாய். நிருபனின் மகள், சுருக்கமாகச் சொல்வாய், சுருக்கமாகக் கேட்பாய். அதோடு எழுந்து போய்விடாதே. யார் மேலாவது உனக்குக் கோபம் வந்து, இவர் கெட்டவர் என்று தோன்றுகிற நாளில், அவர் எந்த மேஜை முன் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு கோபப்படு. கோபம் அதற்கப்புறமும் மிஞ்சியிருந்தால் தாராளமாகப் படு. உன் அம்மா பட்டிருக்கிறாள்.

நீ கிளம்பின நாளைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. மிங்கலாடோன் விமான நிலையத்துக்கு டாக்ஸியில் போனோம். நீ பேசிக்கொண்டே வந்தாய், நானும் அம்மாவும் ஆமா ஆமா என்றோம். உள்ளே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களை நிறுத்திவிட்டார்கள். மேஜையில் இருந்தவர் உன் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினார். இன்னொரு தரம் புரட்டினார். பிறகு அதை எடுத்துக்கொண்டு எழுந்து பின்னால் இருந்த அறைக்குள் போய்விட்டார். நீ கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாய். என் கையெழுத்து அந்த அறைக்கு வந்திருக்குமா, அது நல்லதாக வந்திருக்குமா கெட்டதாக வந்திருக்குமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உன் அம்மாவின் நகம் என் முழங்கையில் இறங்கியது. வரிசையில் உனக்குப் பின்னால் இருந்தவர்கள் வேறு மேஜைக்கு மாறிக்கொண்டார்கள். நீ மட்டும் நின்றாய். கதவு திறந்தது. அவர் வந்து உட்கார்ந்தார், உன் முகத்தைப் பார்த்தார், முத்திரையை எடுத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் கேட்கவில்லை, கை இறங்குவது மட்டும் தெரிந்தது.

நீ பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு நேராக நடந்தாய். அந்தப் படங்களில் பிரிகிறவர்கள் கட்டாயம் திரும்பிப் பார்ப்பார்கள், ரயில் நகரும் வரைக்கும் பாடுவார்கள். நீ திரும்பவே இல்லை. தூணுக்கு அப்பால் போய் மறைந்தாய். வீட்டுக்குப் பஸ் ஏறி உட்கார்ந்ததும், "ஒரு தடவ திரும்பியிருக்கலாம்" என்றேன்.

"திரும்பாததுதான் நல்லது" என்றாள் உன் அம்மா. "திரும்பியிருந்தா நீங்க கூப்பிட்டிருப்பீங்க."

கூப்பிட்டிருப்பேன், ரூத்.

அப்பா